கிணற்றுக்கு மட்டும் தலைவர்

கிணறு எல்லாருக்கும் பொது என்பதுதான் அந்தக் கொப்பியின் முதல் வரி. நீல மட்டை போட்ட சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி. எங்கள் முகாமில் அதற்கு இருந்த மரியாதை கிராம சேவகரின் கடிதத்துக்குக்கூட இருக்கவில்லை.

யுத்தத்தில் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட நாலு ஊர்ச் சனம் நாங்கள். கற்பிட்டிப் பக்கம் ஒரு தென்னங்காணியில் நாலு வரிசையாகக் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். ஊருக்கு ஒரு வரிசை. நாலு வரிசைக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. முதல் வருடம் அந்தக் கிணற்றடியில் உடைந்த குடங்களுக்கும் விழுந்த ஏச்சுக்கும் அளவில்லை. பிறகுதான் பெரியவர்கள் கூடி, வரிசைக்கு இரண்டு பேராக ஒரு கமிட்டி வைத்து, கொப்பியை எழுதினார்கள். எல்லா வரிசைக்காரரும் கைதூக்கி எங்கள் வாப்பாவைத் தலைவராக்கினார்கள்.

கொப்பியில் இருந்தது அதிகமில்லை. நாலு வரிசைக்கும் காலையிலும் பின்னேரமும் ஒரே அளவு நேரம். அடுத்த வரிசையின் நேரத்தில் அள்ளினால் அந்த வீட்டுக்கு மறுநாள் முழுக்கக் கிணறு இல்லை; தலைவருக்கும் இது பொருந்தும். தன் நேரத்தில் அள்ளிய தண்ணீரை எப்படிப் பங்கு போடுவது, யாருக்குக் கொடுப்பது என்பது அந்தந்த வரிசையின் முடிவு. அதில் கமிட்டி தலையிடாது. இதில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும் மூன்று வரிசையாவது சம்மதிக்க வேண்டும். தலைவரைப் பற்றிய அந்தச் சொற்களைச் சேர்க்கச் சொன்னது வாப்பாதானாம். அதை நான் ஒரு அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். தலைவர் வீட்டில் யார் பிழை செய்யப் போகிறார்கள்?

நான் செய்தேன்.

எனக்குப் பயம் பிறவிக் குணம். இன்றைக்கும் கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்க பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வருகிறவள் நான். அப்போது பத்து வயது. கனமூலை ஊரிலிருந்து என் மூத்தவள் ராத்தாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மாப்பிள்ளையின் வாப்பா கொப்பரா வியாபாரி, வசதியான ஆள். அகதி முகாமில் பெண் எடுப்பதா என்று அவர்கள் பக்கத்தில் ஏற்கெனவே கதை அடிபட்டதாம். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட வருகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் போதாமல் போனால்? கோடை வேறு. கிணற்றில் வாளி மண்ணைத் தட்டிக்கொண்டு இருந்தது.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் பின்னேரம். மூன்றாம் வரிசையின் நேரம். பெண்கள் எல்லாரும் அஸர் தொழப் போய்விட்டார்கள். கிணற்றடியில் ஒரு காகம்கூட இல்லை. என் காலே என்னைக் கொண்டுபோனது. இரண்டாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் மூன்றாம் வரிசை மாமி நிற்கிறார். காலையில் இடியப்பம் விற்பார். வாப்பாவை அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்பார். அவருடைய வாய்க்கு முகாமே பயம். மாமி ஏசவில்லை. குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மஃரிப் தொழுகைக்கு முன்னமே பள்ளிவாசல் கொட்டில் முன்னால் கமிட்டி கூடிவிட்டது. சின்னப் பிள்ளைதானே என்றார் ஒருவர். அந்த வரியை மாற்றிவிடுவோம், மூன்று வரிசைக் கை இப்போதே இருக்கிறது என்றார் இன்னொருவர். வாப்பா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வசனம்தான் சொன்னார்.

"மாத்துறெண்டா எல்லாருக்குமாக இன்னொரு நாளைக்கு மாத்துவம், என்ட மகளுக்காக இண்டைக்கு மாத்தேலாது."

நான் களவெடுத்த இரண்டு குடத்தையும் தானே தூக்கிப்போய் மூன்றாம் வரிசைப் பீப்பாயில் ஊற்றிவிட்டு வந்தார். உம்மா அவரோடு கதைக்கவில்லை. ராத்தா மறுநாளுக்கு மடித்து வைத்திருந்த சாரியை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். என்னை யாரும் அடிக்கவில்லை. ஒரு அடியாவது விழுந்திருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும்.

விடிந்ததும் எங்கள் வரிசையில் ஒருவர் கண்சாடை காட்டி ஒரு குடத்தை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார். தலைவரின் வரிசை தலைவருக்கு ஒளித்துக் கொடுத்தால் நாளைக்கு எந்த வரிசை கொப்பியை மதிக்கும் என்று வாப்பா அதைத் திருப்பி அனுப்பினார். வீட்டில் கிடந்த தண்ணீர் சோற்றுக்கும் கோழிக்கறிக்கும் சரியாகப் போயிற்று. ஒரு செம்பு மிச்சம் இருந்தது. அதை நான் நாலு தடவை எட்டிப் பார்த்தேன்.

வான் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளையின் வாப்பா, உம்மாவோடு ஏழெட்டுப் பேர். புழுதியில் வந்தவர்களின் கண்கள், கால் கழுவத் தண்ணீர் தேடின. வாப்பா பாயை விரித்துவிட்டு அவர்கள் முன்னால் நேராக நின்று சொன்னார்.

"குறை நினைக்காதீங்க. என்ட சின்ன மகள் அடுத்த வரிசைட நேரத்தில தண்ணி அள்ளிட்டா. அதால இண்டைக்கு எங்களுக்குக் கிணறு இல்ல."

மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு விளங்கவில்லை. "நீங்கதானே இங்க தலைவர்?"

"ஓம். நான்தான்."

ராத்தாவின் வாழ்க்கை என்னால் போயிற்று என்று, கதவுக்குப் பதிலாகத் தொங்கிய சாக்குக்குப் பின்னால் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் சத்தம். மூன்றாம் வரிசை மாமி முன்னால், பின்னால் நாலு பெண்கள். ஐந்து பேர் இடுப்பிலும் குடம்.

வாப்பா மறித்தார். "தங்கச்சி, கொண்டு போங்க. தண்டனை தண்டனைதான்."

"தண்டனையை ஆரு காக்கா தொட்ட? நீங்க கிணத்தடிக்கு வரவேயில்லையே. இது எங்கட நேரத்தில நாங்க அள்ளின தண்ணி. விருந்தாளிக்குக் குடுக்குறெண்டு விடியவே எங்கட வரிசை கூடி முடிவெடுத்தாச்சு, மறைச்சுக் கொண்டு வரல்ல."

"நான் தலைவர். நான் சொல்றேன்..."

"கிணத்துக்குத்தான் காக்கா நீங்க தலைவர். எங்கட குடத்துக்கில்ல. கொப்பியை எடுத்துப் பாருங்க, உங்கட கையெழுத்துத்தான்."

பின்னால் நின்ற ஒரு பெண், "கண்ணாடி இல்லாட்டி நாங்க வாசிச்சுக் காட்டட்டா?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

வாப்பா உண்மையாகவே கொப்பியை எடுத்துவந்தார். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, விரலை வைத்து அந்த வரியை வாசித்தார். கொப்பியை மூடி, வழியை விட்டு விலகி நின்றார். மாமி உள்ளே வந்து குடத்தை இறக்கினார். போகும்போது என் காதைப் பிடித்து, "கள்ளி, இனித் தேவையெண்டா கேட்டு வாங்கு" என்றார். அந்தக் கை மாவு மணத்தது.

சஹன் வைத்தார்கள். வாப்பா செம்பைக் கையில் எடுத்து ஒவ்வொருவர் கைக்கும் தானே தண்ணீர் ஊற்றினார். மாப்பிள்ளையின் வாப்பா கையை நீட்டியபடி, அந்தக் கொப்பியைத் தானும் ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார். சாப்பாடு முடிந்ததும் எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார். அடுத்த பெருநாள் கழித்து ராத்தாவைக் கனமூலைக்கே கட்டிக்கொடுத்தோம். கலியாணத்துக்குத் தண்ணீர் தந்தது நாலு வரிசையும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். என் மகன் படிப்பது பத்தாம் ஆண்டு. போன கிழமை குடியுரிமைக் கல்விப் புத்தகத்தை என் கையில் தந்து பாடம் கேட்கச் சொன்னான். அரசியலமைப்பு, சமஷ்டி, மத்திக்கு எந்த அதிகாரம், மாகாணத்துக்கு எந்த அதிகாரம். பாடமாக்கியது தலையில் நிற்குதில்லை என்று அலுத்துக்கொண்டான். எனக்குப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்தான். இருந்தாலும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப மாமி மாகாணமா உம்மா?" என்று கேட்டுச் சிரித்தான். ஓம் என்றேன். சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு வாப்பா செம்போடு குனிந்து தண்ணீர் ஊற்றும்போது அவருடைய உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டு துடித்தது. சாக்குக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்த நான், சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு இடியப்பக்காரப் பெண்ணிடம் தோற்றுப்போன வெட்கத்தில் வாப்பா அழப் போகிறார் என்று நினைத்து, அவருக்காக விம்மி விம்மி அழுதேன்.