அசையாமல் இருந்தவர்

கொழும்பு வெள்ளவத்தையில், தீராத வயிற்று வருத்தக்காரருக்கு மன அழுத்தம் குறைய மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். “நொந்தாலும் கண்ணைத் திறக்காதேங்கோ” என்றுவிட்டு நானும் கண்ணை மூடிக்கொள்வேன்.

போன மாதம் பயிற்சி முடிந்து எல்லோரும் எழும்பியும், கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் அசையவில்லை. “பாருங்கோ, இப்பிடித்தான் இருக்கவேணும்” என்று பெருமையாகக் காட்டி அவர் தோளைத் தொட்டேன். சட்டை வியர்வையில் தோய்ந்திருந்தது.

“டீச்சர், ரெண்டு நாளா மலம் கறுப்பாப் போகுது. இப்ப தாங்கேலாத நோ. நீங்கள்தானே கண்ணைத் திறக்கவேண்டாமெண்டு சொன்னியள்...” என்றபடியே சரிந்தார்.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வயிற்றுப்புண்ணிலிருந்து கசிந்த இரத்தம்தான் மலத்தைக் கறுப்பாக்கியிருக்கிறது! ஆஸ்பத்திரியில் மயிரிழையில் தப்பினார்.

இப்போது மூச்சைப் பற்றிப் பேசுமுன் மலத்தின் நிறத்தைக் கேட்கிறேன். அவர்கள் கண்ணை மூடும்போது நான் மூடுவதில்லை.