நிதானம் ஓடிய நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

எங்கள் பகுதியில் ஒரு செய்தி செல்லுபடியாக வேண்டுமானால் அது முதலில் மருந்துக்கடையில் சொல்லப்பட வேண்டும். அங்கே மாத்திரை கையிருப்பில் இல்லாத நாள் உண்டு, செய்தி இல்லாத நாள் கிடையாது. சென்ற மாதம் அங்கே கிடைத்த சரக்கு இது: பஸ் ஓட்டுநர் 'நிதானம்' நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் பாதித் தூரத்தை பஸ்ஸில் போனார். கடைசியில் இறங்கி, வியர்வைக்குப் பதில் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, குடும்பத்தோடு கைகோத்து எல்லைக்கோட்டைத் தாண்டினார்.

"அவர் ஓட்டினாலே பஸ் ஓடாது. அவரே எப்படி சார் ஓடுவாரு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

நம்புகிற மாதிரிதான் இருந்தது. நம்புகிற மாதிரி இருக்கும் எதையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பத்திரிகை நிருபரான என் பிழைப்பு. நிதானத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் இருபது வருடங்களுக்கு மேலாக ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறார். சைக்கிள்கள் அவரை முந்தும்போது மணி அடித்து ஆறுதல் சொல்லும். அவருடைய வயிறும் ஸ்டியரிங்கும் நெருங்கிய உறவு. நடுவில் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை. இடித்தார், உரசினார், ஏற்றாமல் போனார் என்ற புகார் மட்டும் இன்றுவரை கிடையாது.

இன்னொன்றும் இடித்தது. பந்தயத்தன்று அந்தச் சாலைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். பஸ்ஸே ஓடாத நாளில் மனிதர் எந்த பஸ்ஸில் ஏறியிருப்பார்? வதந்திக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை.

நேரே பந்தய நடத்துநரிடம் போனேன். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். தூங்கும்போதும் விசிலைக் கழற்ற மாட்டார் என்பதால் அவருக்குப் பெயரே 'விசில்'. மைதானப் படிக்கட்டுக்கு அடியில் அவர் அலுவலகம். நிமிர்ந்தால் தலை இடிக்கும், அதனால் அங்கே எல்லோருமே பணிவாக இருப்பார்கள்.

விசில் விதியை விளக்கினார். குடும்பப் பிரிவில் ஒரே வீட்டைச் சேர்ந்த நாலு பேர் ஓட வேண்டும். நாலு பேரும் மதியத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் அங்கங்கே ரோட்டின் குறுக்கே 'மேட்' என்ற மின்னணுப் பாய் விரித்திருக்கும். ஷூவில் கட்டிய சிப் அதைத் தாண்டும்போது 'பீப்' என்று நேரம் பதிவாகும். நாலு பேருக்கும் எல்லா மேட்டிலும் பதிவாகியிருக்க வேண்டும்.

"இங்க பாருங்க. மூணாவது மேட். மனைவி இருக்காங்க, பொண்ணு இருக்கு, மச்சான் இருக்கார். இவரு மட்டும் காணோம்."

"அதுக்காக பஸ்ஸுல போயிட்டாருன்னு..."

"நான் சொன்னேனா? எங்க போனாருன்னு எனக்குத் தெரியாது. மேட்ல போகலை. மெஷின் பொய் சொல்லாது சார்."

திங்கட்கிழமை குழு கூடுகிறது. அதற்குள் விளக்கம் வராவிட்டால் நாலு பேரின் ஓட்டமும் ரத்து. அல்லது நிதானம் தானாக விலகிக்கொண்டால், மற்ற மூவரையும் தனித்தனி ஓட்டக்காரர்களாகச் சேர்த்துக்கொள்வார்கள். விசில் இதைப் பெரிய சலுகை போலச் சொன்னார்.

இரண்டாம் மாடியில் அவர்கள் வீடு. படிக்கட்டில் பெரிது சிறிதாக நாலு ஜோடி ஓட்டக் காலணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்தது மனைவி. கண்ணாடிக் கடையில் வேலை; உடைந்த மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டுகிறவர். உள்ளே மேசையருகே நிதானம் காக்கிச் சட்டையில், பிற்பகல் ஷிப்டுக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தார். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் மச்சான் சோபாவை முழுதாக ஆக்கிரமித்திருந்தான். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

நான் போனபோது வீட்டுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"விலகிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. உங்க மூணு பேரு பேராவது நிக்கும்," என்றார் நிதானம்.

"சொல்லித்தான் பாருங்களேன்," என்றார் மனைவி. திருகாணி மாட்டும் அதே அமைதி. "நாலு பேரா போனோம். நாலு பேராத்தான் வருவோம்."

"உனக்காகத்தாண்டி சொல்றேன். தனியா ஓடியிருந்தா நீ எங்கயோ போயிருப்ப. என் கூட உருண்டு வந்த..."

"யாருங்க உருண்டது? அன்னிக்கு யாரு யாரை இழுத்துட்டு வந்தாங்கன்னு ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?"

"அத்தான், நீங்க விலகினா பஸ்ஸுல போனது உண்மைன்னு ஆயிடும்," என்றான் ரேடியோ. "அப்புறம் நான் எந்த வீட்டுச் சுவத்துல ஏணி சாத்தினாலும் அதையே கேப்பாங்க."

நிதானம் தொப்பியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அதிலும் நிதானம்தான்.

பிறகு மூவரும் சொன்ன கதையைச் சுருக்கித் தருகிறேன். ரேடியோ சொன்னதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் டிப்போ டாக்டர் நிதானத்தை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த பரிசோதனைக்குள் உடம்பு இளைக்காவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு டிக்கெட் அறையில் உட்கார வேண்டியதுதான் என்றார். மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே விடியலில் ஓடுகிறவர். தனியாக, வேகமாக. "நாளைலேர்ந்து நீங்களும் வாங்க," என்றார். அப்பா விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே என்று மகள் வந்தாள். எல்லோரும் கிளம்பிப் போனால் காலைச் சமையல் தன் தலையில் விழும் என்று ரேடியோவும் வந்தான்.

எந்த வழியில் ஓடுவது? நிதானத்துக்குத் தெரிந்தது ஒரே வழி. தன் பஸ் தடத்திலேயே கூட்டிப்போனார். முதல் நிறுத்தம் வந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்தார்கள். அடுத்த நிறுத்தத்திலும் நின்றார். மூன்றாவதில்தான் மனைவி கவனித்தார்: மனிதர் வளைந்து உள்ளே போய், நின்று, இல்லாத பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்து, எதற்கோ காத்திருக்கிறார். மகள் கிண்டலாக, "ரைட், போலாம்!" என்றாள். உடனே கிளம்பிவிட்டார்.

சிரித்தார்கள். பிறகு அதுவே பயிற்சி முறையாகிவிட்டது. ஒரு கிலோமீட்டர் என்றால் அவருக்கு மலைப்பு. ஒரு ஸ்டாப் என்றால் சர்வசாதாரணம். "இன்னும் ஒரு ஸ்டாப்புதாம்பா," என்று மகள் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் ஒருநாள் டெர்மினஸையே தொடவைத்தாள். வயிறு ஸ்டியரிங்கைப் பிரிந்தது. டாக்டர் வாயைப் பிளந்தார். போகப் போக நிறுத்தங்களில் நிற்பதும் போய்விட்டது. லேசாக வேகம் குறைப்பார், மகள் 'ரைட்' சொல்வாள், ஓடுவார்.

பந்தயத்தன்று எடுத்த எடுப்பில் மூவரும் கூட்டத்தோடு பறந்தார்கள். அவர் மட்டும் தன் வேகத்தில். மேம்பால ஏற்றம் வந்தபோது ரேடியோ பேச்சை நிறுத்தினான். அவன் மௌனம் இந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டறியாதது, எல்லோரும் பயந்துபோனார்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். மகள் வாந்தி எடுத்தாள். மனைவிக்கே கால் பின்னியது. அப்போது பின்னாலிருந்து, காலையில் கிளம்பிய அதே வேகத்தில், நிதானம் வந்து சேர்ந்தார்.

"கடைசி ஸ்டாப் வரைக்கும் வண்டி போகும். நடுவுல யாரும் இறங்கக் கூடாது," என்றார். மச்சானின் காலை நீவிவிட்டு எழுப்பினார். மகளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். "என் முதுகை மட்டும் பாத்துட்டு வாங்க."

பார்த்துக்கொண்டே வந்தார்கள். விரைந்தவர்கள் வழியெங்கும் குந்திக் கிடக்க, இந்த நாலு பேரும் அவர்களை மெதுவாக, மரியாதையோடு முந்திப் போனார்கள். மதியத்துக்குக் கொஞ்சமே மிச்சமிருக்கும்போது கைகோத்துக் கோட்டைத் தாண்டினார்கள்.

"இவ்வளவுக்கும் அப்புறம் அவரு பஸ்ஸுல வந்தாராம்," என்றார் மனைவி. அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு கேட்டார்: "அந்த மூணாவது மேட் எங்க போட்டிருந்தாங்களாம்?"

"நூலகத்துக்கு முன்னாடி," என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரேடியோ சோபாவிலிருந்து கீழே சரிந்து சிரிக்க ஆரம்பித்தான். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நூலகம் மேம்பாலத்துக்கு முன்பே வரும்; அவர் தனியாகப் பின்தங்கி ஓடிய பகுதி அது. அதற்கு முன்னால் இருப்பது பஸ் நிறுத்தம். அங்கே மட்டும் பஸ் ஒதுங்கி நிற்பதற்காக ரோட்டோரத்தைக் குடைந்து இடம் விட்டிருக்கிறார்கள். மேட்டை ரோட்டின் அகலத்துக்குத்தான் விரித்திருந்தார்கள். எல்லோரும் நேரே ஓடினார்கள். ஊரில் ஒரே ஒரு மனிதரின் கால் மட்டும் உள்ளே வளைந்துபோய் வெளியே வரும்.

"இது உங்க யாருக்கும் முன்னாடியே தோணலையா?" என்றேன்.

"அவரு குறட்டை மாதிரி சார் அது. பழகிப்போச்சு," என்றார் மனைவி.

மனைவி என்னோடு மைதானத்துக்கு வந்து சொன்னபோது விசில் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லா கதை சொல்றீங்கம்மா."

"கதையா இல்லையான்னு ஞாயித்துக்கிழமை காலைல நூலகத் தூணுக்குப் பின்னாடி நின்னு பாருங்க. அவருகிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்லை. உங்க மெஷின் மாதிரி நானும் பொய் சொல்ல மாட்டேன்."

ஞாயிறு வந்தது. "இனிமே எதுக்கு ஓடணும்?" என்று கட்டிலிலேயே கிடந்தவரை, "டாக்டருக்காக," என்று கிளப்பிக் கூட்டிவந்தார் மனைவி. நானும் விசிலும் தூணுக்குப் பின்னால் நின்றோம். பந்தய மேட்டை ஒட்டிய டேப்பின் தழும்பு ரோட்டில் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. விசில் அதையே முறைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தத்தில் பையோடு ஒரு பெண் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

திருப்பத்தில் நாலு பேரும் வந்தார்கள். மனைவி தழும்பைத் தாண்டினார். ரேடியோ தாண்டினான். மகளும் தாண்டினாள். நிதானம், தழும்புக்குச் சற்று முன்னால், யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி ஓரம் வளைந்தார். நிறுத்தத்துக்குள் புகுந்தார். வேகம் குறைத்தார். தலை ஒருமுறை பக்கவாட்டில் திரும்பியது. காத்திருந்த பெண் அந்த முகத்தைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவதற்கு ஒரு காலை முன்னே வைத்துவிட்டார்.

"ரைட்!" என்றாள் மகள்.

விசில் தன்னை மறந்து விசில் அடித்துவிட்டார். நிதானம் இருந்த இடத்திலேயே உறைந்தார். "ஐயோ, நான் நின்னுதான் சார் போனேன்!" என்றார், போக்குவரத்துப் போலீஸ் என்று நினைத்து.

விஷயத்தைச் சொன்னார்கள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நானா? நேராத்தானே ஓடினேன்?" என்று மறுபடி ஓடிக் காட்டினார். எல்லோரும் பார்க்க, தெரிந்தே, கவனமாக ஓடினார். மறுபடியும் ஓரம் கட்டினார்.

"போதும்யா," என்றார் விசில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னொரு தடவை பாத்தேன்னா நானே டிக்கெட் கேட்டுருவேன்."

குழு கூடிய மாலையே மைதான வாசலில் பலகை ஏறியது. குடும்பப் பிரிவில் மூன்றாம் இடம். நாலு பெயர்களும் ஒன்றின்கீழ் ஒன்று. நிதானம் அதை வாசித்தார். பிறகு மனைவியின் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டார். "எங்கயோ போயிருப்ப," என்றார் மறுபடியும்.

"வந்துட்டேன்ல," என்றார் அவர்.

மறுநாள் டிப்போவிலிருந்து அவர் பஸ் கிளம்பியபோது வரிசையாக நின்ற அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. மருந்துக்கடைக்காரர், தான் முதலிலிருந்தே இதைத்தான் சொன்னதாக இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் வாதாடினால் தலைவலி மாத்திரை வாங்க வேண்டிவரும், விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு பாக்கி. பதக்கங்களைப் பந்தயத்தன்றே பங்குபோட்டுத் தீர்த்துவிட்டதால், விசிலின் அலமாரியில் மிச்சமிருந்தது மூன்றுதான். அவற்றைக் கொடுத்துவிட்டு, "நாலாவது செய்யச் சொல்லியிருக்கு, வந்துடும்," என்றார். மூன்று பதக்கங்கள் நாலு கழுத்துகளில் முறைவைத்துச் சுற்றுகின்றன. போன வாரம் வெறுங்கழுத்து முறை ரேடியோவுடையது. பதக்கத்தைத் தராமல் ஒளித்துவைத்திருக்கிறான் என்று மகள் புகார் சொன்னாள். விசிலுக்கு போன் செய்தேன். "செய்யக் கொடுத்தாச்சு சார்," என்றார். யாரிடம் கொடுத்தார் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.