பிப்போவுக்குப் பசிக்காத நாட்கள்

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதம், பலெர்மோ நகரத்தில் சீசா பகுதியில் இருக்கும் எங்கள் சின்ன ஃபிளாட்டில் நடந்தது இது. நான் அதே நகரத்தின் லிபெர்த்தா பகுதியில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன்; இந்த ஊர் வழக்கப்படி அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, "பிப்போவைப் பார்த்துக்கொள்" என்றுதான் என் கையைப் பிடித்தார். பிள்ளைகள் இல்லாத அவருக்கு அந்த நாய்தான் துணை. அன்றே அதை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அது ஊரில் நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறியிருந்த நேரம். அங்கே திருவிழா என்றால் இங்கே எங்கள் வீட்டிலும் மீன், இறைச்சி கிடையாது. பிப்போவின் இறைச்சி டின்னைக்கூட நான் திறக்கவில்லை. சோற்றில் பருப்பைப் பிசைந்து வைத்தேன். முதலில் நன்றாகத்தான் சாப்பிட்டது. பிறகு ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"உவருக்கு மரக்கறி அலுத்துப்போச்சு. தேர் முடியட்டும், மீன் வாங்கிக்கொண்டு வாறன்" என்று கணவர் சிரித்தார்.

"அம்மா, பிப்போவும் விரதம்!" என்றாள் மகள். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாளும் தட்டு அப்படியே இருந்தது. வெயில் காலந்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சிஞ்ஞோரா தினமும் பின்னேரம் போன் எடுப்பார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டால் போதும், பிப்போ பாய்ந்து வந்து போனை நக்கும். அன்று அவர் "பிப்போ, பிப்போ" என்று கூப்பிட்டும் அது தலையைத் தூக்கவில்லை. காதுகூட அசையவில்லை. "தூங்குகிறதா?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று இன்றும் நினைவில்லை.

தூக்கினால் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கணவர் ஸ்கூட்டரை ஓட்ட, நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன். மிருக டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கினார்; ஈறு வெளுத்துப் போயிருந்தது. முன்காலின் விரல்களை விரித்தார். இடுக்கில் ஊறிய பயறு மாதிரி ஓர் உண்ணி. அதை நசுக்காமல் ஒரு சின்னக் கொக்கியால் கழற்றி எடுத்தார்.

"உண்ணி வராமல் பிடரியில் விடும் சொட்டு மருந்தைக் கடைசியாக எப்போது விட்டீர்கள்?" என்று கேட்டார். மாதாமாதம் அதைச் சிஞ்ஞோராதான் விட்டிருக்கிறார். அந்த அவசரத்தில் யாருக்கு அது நினைவு வரும்? எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காய்ந்த புல்லில்தான் நான் தினமும் அதை உலாத்தக் கூட்டிப்போனேன்.

இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "உண்ணிக் காய்ச்சல். தாமதித்து வந்திருக்கிறீர்கள். மருந்து கேட்கிறதா என்று ஓரிரு நாளில் தெரியும்" என்றார்.

திரும்பும் வழியில் கணவர், "தேர் முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

சிஞ்ஞோராவிடம் உண்மையைச் சொன்னேன். "மருந்தைப் பற்றிச் சொல்லாமல் போனது நானல்லவா" என்று அழுதார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் போன் எடுத்து, "மூச்சையாவது கேட்கிறேன், போனைக் கிட்டப் பிடி" என்றார். ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் பருக்கியபடி முருகனைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

தேர் அன்று மத்தியானம் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது தட்டு உரசும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பிப்போ தள்ளாடிக்கொண்டு நின்று தட்டை நக்கிக்கொண்டிருந்தது. மீனில்லை, இறைச்சியில்லை, அதே பருப்புச் சோறு.

"உவருக்குச் சோத்தில கோவமே இருக்கேல்லையப்பா" என்று சொல்லிவிட்டுக் கணவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சிஞ்ஞோரா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மாதாமாதம் அவர் பிப்போவைப் பிடித்துக்கொள்ள, நான் பிடரியில் மருந்து விடுகிறேன். உலாத்திவிட்டு வந்தால் காது மடலையும் கால் விரல் இடுக்குகளையும் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் யார் சாப்பாடு வேண்டாம் என்றாலும், கேலி வாய் வரை வந்தாலும் விழுங்கிக்கொண்டு, முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன்.