மூட்டுக்கொரு நாவல்

"வலிக்குது" என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கை மட்டும் நோயாளியின் குதிகாலைத் தாங்கியபடியே இருக்கும். கதையில் கப்பல் பாறையில் மோதப் போகிற நேரமாக இருக்கலாம், பலூனில் ஓட்டை விழுந்திருக்கலாம். எதுவானாலும் சரி, கால் நின்றால் கதையும் நிற்கும். "அப்புறம்?" என்று கேட்டபடி கால்காரர் இன்னும் கொஞ்சம் மடக்கினால்தான் கப்பல் நகரும். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து பிசியோதெரபி அறையில், அக்கா பயிற்சி கொடுக்க வந்த நாளிலிருந்து, பல வருஷங்களாக இப்படித்தான் நடக்கிறது. "சினிமாவுலகூட இவ்வளவு இடைவேளை கிடையாதுப்பா" என்று அலுத்துக்கொள்வார், ஒத்தடப் பைகளைச் சுடவைத்துக் கொடுக்கும் ஆயா.

அக்கா சொல்வதெல்லாம் ஒரே ஆளின் கதைகள். அந்தக் காலத்தில் சாகச நாவல்களாக எழுதித் தள்ளிய பிரெஞ்சுக்காரர் ஒருவர். அக்கா கல்லூரியில் படிக்கும்போது பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்த, அட்டை போன மொழிபெயர்ப்புகள். தன் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர் அக்காதான். அந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்த நாவல்களும் அவைதான். உலகத்தையே சுற்றிக் காட்டுகிற அக்காவுக்கு, பஸ் ஏறி இரண்டு நிறுத்தம் போவதற்குள் குமட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் வேலைக்கு நடந்தே வருவார்.

எந்தக் கதை யாருக்கு என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். தோள்பட்டை தூக்க முடியாதவர்களுக்குப் பலூன் கதை. கழுத்து பிடித்துக்கொண்டவர்களுக்கு நிலவுக்குப் போகிற கதை. மூச்சுப் பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கடலுக்கடியில். முட்டிக்கு, எரிமலையின் வாய் வழியாகப் பூமிக்குள் படிபடியாக இறங்குகிற கதை. அதில் வருகிற பேராசிரியருக்குக் கடுமையான முட்டி வலி. "இது புத்தகத்துல இருக்கா?" என்று யாரோ கேட்டதற்கு, "இல்லதான். ஆனா அவ்வளவு ஆழம் எறங்குறவருக்கு வலிக்காதா?" என்றார்.

வெளி பெஞ்சில் இதனால் தினமும் சண்டை. எது ஒசத்தி என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் வலிக்கு வாய்த்த நாவலைத்தான் சொல்வார்கள்.

"நெலா கதைக்கு மிஞ்சி ஒண்ணு இருக்கா?" என்பார் கழுத்துப்பட்டை போட்ட அம்மாள், தலையைத் திருப்ப முடியாமல் நேரே பார்த்தபடி.

"உங்களுக்கு வேற எங்கயும் பாக்க முடியல, அதான்" என்பார் தோள்பட்டைக்காரர். "பலூனுதாம்மா கதை. கேக்கும்போதே கை தானா மேல போகும்."

"தானா போனா நீங்க ஏன் நாலு மாசமா இங்க வர்றீங்க?"

லாரிக்காரர் இந்த பெஞ்சுக்கு வந்தபோது இடது முட்டி கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. உடைந்த எலும்பு கூடிவிட்டது, கால் மடங்கவில்லை. கிளட்சை மிதிப்பது இடது கால். கால் மடங்காவிட்டால் வண்டி கிடையாது, வண்டி இல்லாவிட்டால் பிழைப்பு கிடையாது. முதலாளி பொறுமையானவர்தான். ஆனால் நின்றுகொண்டிருக்கும் லாரி அவரையும் சும்மா விடுமா?

அக்கா வழக்கம்போல் பூமிக்குள் இறங்க ஆரம்பித்தார். லாரிக்காரருக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

"ரோட்டுல வண்டி ஓட்டுறவனுக்குக் குழிக்குள்ள என்னக்கா வேலை? அந்தப் பந்தயக் கதை சொல்லுங்க. உலகத்தைச் சுத்தி வர்றானாமே ஒருத்தன்."

"அது நடைப்பயிற்சிக்காரங்களுக்கு. உங்களுக்கு இதுதான்."

"மருந்துக் கடையிலகூட மாத்திக் குடுப்பாங்க!"

அவர் மனைவிக்கோ குழிக் கதை பிரமாதமாகப் பிடித்துவிட்டது. "ஏங்க, கொஞ்சம் மடக்குங்களேன், அந்த ஆளுங்க தண்ணியில்லாம தவிக்கிறாங்க" என்று சுவரோரமிருந்து கெஞ்சுவார். கால் அசையாது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் பேச்சுக்கு மடங்காத காலு. புத்தகத்துக்கா மடங்கப் போவுது?"

பேராசிரியர் பாறை இடுக்கிலேயே கிடந்தார். கோணம் அளக்கிற பிளாஸ்டிக் அளவுகோல் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நின்றது. அந்தப் பக்கம் வந்த பெரிய டாக்டர், "இது ஆஸ்பத்திரியா, கதைக் கச்சேரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதே மாலை முதலாளியிடமிருந்து ஃபோன்: திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துக் காட்டணும், முடியலேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், தப்பா நெனக்காதே.

செய்தியைக் கேட்டு அக்கா வெகுநேரம் அளவுகோலை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் முட்டியைப் பாத்துக் கதை குடுத்துட்டேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஆளைப் பாக்கல. மத்தவங்களுக்கும் இப்படித்தான் செஞ்சுட்டேனோ, என்னமோ." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஊர்ல ஒரு பெரிய மனுஷன். சொன்ன நாளுக்குள்ள உலகத்தைச் சுத்தி வந்துடுவேன்னு சொத்துல பாதியைப் பந்தயமா வச்சான்."

"பாதியா? கிறுக்குப் பய!" லாரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். முட்டி ஒரு விரல் அளவு மடங்கியதை அவர் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தார், கதையை ஓடவிட்டார்.

அந்த வாரம் முழுக்கக் கதை ரயிலும் கப்பலுமாகப் பறந்தது. லாரிக்காரர் சும்மா கேட்கிற ரகமில்லை. "அந்த ரூட்ல போயிருக்கக் கூடாது." "சரக்கு ஏத்துற துறைமுகத்துல நேரம் போகத்தான் செய்யும், இது தெரியாதா அவனுக்கு?" தண்டவாளம் பாதியில் முடிந்துபோன இடத்தில் கொதித்துப் போய்க் காலை இழுத்து மடக்கிவிட்டு, பிறகுதான் "அய்யோ" என்றார்.

திங்கட்கிழமை லாரி ஷெட்டுக்கு அக்காவும் போனார். லாரிக்காரர் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஏறிவிட்டார். சாவியைத் திருகினார். இடது கால் கிளட்சுக்கு மேலேயே நின்றது. வலி வருவதற்கு முன்னாலேயே பின்வாங்குகிற பழைய பயம். முதலாளி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

அக்கா மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். டீசல் வாசனைக்கே முகம் வெளுத்துவிட்டது.

"கடைசிக் கப்பல்" என்றார், மூக்கைப் பொத்திக்கொண்டு. "கரி தீந்துபோச்சு. கப்பல்ல இருந்த மரத்தையெல்லாம் பேத்து அடுப்புல போடுறான். கதவு, நாற்காலி, கம்பம். நேரம் ஓடுது."

"பேத்துப் போடுறா!" என்று கத்தியபடி லாரிக்காரர் மிதித்தார். கியர் விழுந்தது. லாரி ஒரு குலுக்கலோடு நகர்ந்து, குவித்துக் கிடந்த பழைய டயர்களைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

முதலாளி கைகளை அவிழ்த்தார். "இன்னைக்கே ஒரு லோடு இருக்கு, போறியா?"

அக்கா இறங்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது மேலே ஜன்னலில் லாரிக்காரரின் தலை.

"அக்கா, ஜெயிச்சானா இல்லையா? அதைச் சொல்லிட்டுப் போங்க!"

"ஆமா, அதைச் சொல்லுங்க!" என்று கீழேயிருந்து அவர் மனைவியும் கூடச் சேர்ந்துகொண்டார்.

"லோடை எறக்கிட்டு வாங்க. முட்டியைக் காட்டிட்டு மிச்சத்தைக் கேட்டுக்கலாம்."

"அதுவரைக்கும் நான் எப்படிக்கா தூங்குறது?"

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, வண்டி கிளம்பலாம் என்று கிளீனர்கள் செய்வதுபோல லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் பட் பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினார்.