மலை நிழல்

கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டும் பரசுராமன் எந்தப் பௌர்ணமியிலும் கிரிவலத்தை விட்டதில்லை. காலில் ரத்தக்குழாய் அடைத்தபோது, சென்னையில் ஒரு புதுச் சிகிச்சைக்குச் சம்மதித்தார். ஊசியில் மருந்தேற்றி, குழாய்க்குள் மெல்லிய இழை வழியாக ஒளி பாய்ச்சி அதை வேலை செய்ய வைத்தார்கள். அந்த மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை பகல் வெளிச்சமே தோலில் படக்கூடாது என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய வாரமே பௌர்ணமி வந்தது.

"நிலா என்னா பண்ணும்? விடியறதுக்குள்ள வந்துடுவேன்" என்று கிளம்பினார்.

"உங்க காலைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி திரௌபதி.

அடி அண்ணாமலையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. உட்கார்ந்தவர் எழுவதற்குள் பொழுது புலர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் உள்ளே வந்து படுக்கச் சொன்னார். பரசுராமன் அண்ணாந்து பார்த்தார். சூரியன் மலைக்குப் பின்னால்தான் இருந்தது. சாலை முழுக்க மலையின் நிழல்.

"வெயில் இன்னும் வரலியே" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நிழல் முடியும் இடம் வெகுதூரத்தில் இருந்தது. அதற்குள்ளாகவே அவருடைய புறங்கைகள் சிவந்து, எரியத் தொடங்கியிருந்தன.