வால்தேரின் கைகள்

உலகக் கிண்ணப் போட்டி அமெரிக்காவில் நடந்த அந்தக் கோடையில், மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் வளர்பிறை விளையாட்டுக் கழகத்தில் ஒருவர்கூடத் தங்கள் பயிற்சியாளரை நம்பவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வந்த கிருபானந்தனே நம்பவில்லை. ஆனால் அதை அவன் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டதாகிவிடும்.

பயிற்சியாளரின் பெயர் வால்தேர் பீரிஸ். நாடு உருகுவே. வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில், கிருபானந்தனுக்குப் பக்கத்து மேசையில் நின்று தட்டுகளில் பாணும் பழமும் அடுக்குகிறவர். மாரி காலத்தில் ஒருநாள் இடைவேளையில் பந்தடிக் கதை வந்தது. மொன்டிவிடியோவில் முதற்பிரிவுக் கழகம் ஒன்றில் ஒன்பது வருடம் இருந்ததாகவும், இடப்பக்க முன்வரிசையில் ஓடி விளையாடியதாகவும் வால்தேர் சொன்னார். கிருபானந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே கழகச் செயலாளர் சண்முகலிங்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அண்ணை, எங்களுக்கு ஒரு கோச் கிடைச்சிட்டார். தென்னமெரிக்கன்!"

அந்த ஒரு சொல்லே எல்லோருக்கும் போதுமாக இருந்தது. யாரும் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. பெயரைக் கேட்டபோதுதான் முதல் முணுமுணுப்பு எழுந்தது.

"பீரிஸோ? சிங்களவனெல்லோ உந்தப் பேர் வைக்கிறவன்?" என்றான் பேரின்பநாதன். அவன் கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரன். கோல் அடிக்கிறானோ இல்லையோ, கதை நன்றாக அடிப்பான்.

"விசர்க்கதை கதையாதை. போர்த்துக்கீசன் அங்கையும் போனவன், எங்கடை நாட்டுக்கும் வந்தவன்" என்று சண்முகலிங்கம் சரித்திரம் சொல்லி அவனை அடக்கினார்.

ஆனால் சந்தேகம் அடங்கவில்லை. உலகக் கிண்ணம் தொடங்கியதும் அது வளர்ந்தது. தொலைக்காட்சியில் எந்த நாடெல்லாமோ விளையாடியது, உருகுவேயை மட்டும் காணவில்லை. அந்த முறை உருகுவே தகுதி பெறவில்லை என்று வால்தேர் சொல்லிப் பார்த்தார். "தகுதியில்லாத நாட்டிலையிருந்து எங்களுக்குத் தகுதியான ஆள்" என்று பையன்கள் சிரித்தார்கள். பிறகு அவருடைய சுரைக்குடுவை. அதற்குள் ஏதோ பச்சை இலைத்தூளைப் போட்டு, சுடுநீர் ஊற்றி, ஓர் உலோகக் குழலால் உறிஞ்சுவார். அது அவருடைய நாட்டுத் தேநீர். ஆனால் கஞ்சாவாக இருக்குமோ, பொலிஸ் வந்தால் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகுமோ என்று சிலர் தள்ளி நின்றார்கள். அதே குழலை அவர் மற்றவர்களிடமும் நீட்டினார். எச்சில் என்று ஒருவரும் தொடவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம் அவருடைய கைகளில் இருந்தது. பயிற்சி நடக்கும் ஜாரி பூங்காவில் ஆடி மாத வெயில் கொளுத்தும்போதும், குடுவை பிடிக்காத நேரமெல்லாம் அவர் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டபடியே நிற்பார். பந்து காலடியில் உருண்டு வந்தாலும் திருப்பி உதைக்க மாட்டார், விலகி வழி விடுவார். ஒருநாள் பேரின்பநாதன் வேண்டுமென்றே பந்தை அவர் முன்னால் வைத்தான்.

"கோச், ஒருக்கா இடக்காலாலை அடிச்சுக் காட்டுங்கோவன். நாங்களும் பாப்பம்."

வால்தேர் பந்தையும் அவனையும் பார்த்தார். தமிழில் தனக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றைச் சொன்னார்: "பேந்து."

அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

கிருபானந்தனுக்கு மட்டும் தெரிந்த இன்னொரு விடயமும் இருந்தது. அவன் கழகத்தின் கோல்காப்பாளன். பயிற்சியாளர் என்றால் மைதானத்தின் கரையில் நிற்க வேண்டும். வால்தேரோ பயிற்சி முழுக்க அவனுடைய கோலுக்குப் பின்னால், வலைக்கு அப்பால் நிற்பார். "ஓரடி முன்னுக்கு வா", "அவன் காலைப் பார்க்காதே, இடுப்பைப் பார்" என்று பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் மெதுவாகச் சொல்வார். சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் முன்வரிசையில் ஓடியவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தன்னுடைய குறைகளை ஏன் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார்? யாருக்காகப் பார்க்கிறார்?

அந்தக் கேள்விக்குப் பதில் போல ஒரு செய்தி வந்தது. தமிழ்க் கழகங்களின் கோடைப் போட்டியில் கழகம் பல வருடங்களுக்குப் பிறகு அரையிறுதிக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மொன்ட்ரியால்-நோர் தமிழ்க் கழகத்துடன் ஆட்டம். அந்தக் கழகம் பயிற்சி எடுக்கும் பூங்காவில், புதன்கிழமை தோறும் வால்தேரைக் காணலாம் என்று பேரின்பநாதன் துப்புக் கொண்டுவந்தான்.

"எங்களை விக்கிறான் அண்ணை. என்ரை மச்சான் கண்ணாலை கண்டவன்."

சண்முகலிங்கம் கிருபானந்தனைக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவனைச் செயற்குழு எதற்காகவும் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"கிருபா, நீ கூட்டிக்கொண்டு வந்த ஆள். நீயே போய்ப் பார். சனிக்கிழமை கூட்டத்திலை நீ சொல்லுறதுதான் முடிவு. ஆள் கள்ளன் எண்டால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கே வரத் தேவையில்லை. பேந்து உன்ரை பேரும் நாறும், அதையும் யோசிச்சுக்கொள்."

புதன்கிழமை கிருபானந்தன் வேலையிலிருந்து நேரே புறப்பட்டான். மெற்றோவின் கடைசித் தரிப்பில் இறங்கி, பஸ் பிடித்து, அந்தப் பூங்காவின் மேப்பிள் மரம் ஒன்றின் பின்னால் போய் நின்றான். நன்றாக வெளிச்சம் இருந்தது. மொன்ட்ரியால்-நோர் பையன்கள் கிட்டிய மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வால்தேர் ஒரு பழைய பையோடு வந்தார். எதிரணியின் பொறுப்பாளர் செபஸ்தியாம்பிள்ளை அவரைக் கண்டு கையை உயர்த்தினார். இரண்டு பேரும் நின்று கதைத்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை ஏதோ கேட்டார், வால்தேர் தலையாட்டினார், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கிருபானந்தனுக்கு உடம்பு பற்றி எரிந்தது. போதும், கண்டாயிற்று என்று திரும்பிப் போக வெளிக்கிட்டான். ஆனால் வால்தேர் அங்கே நிற்கவில்லை. அந்த மைதானத்தைத் தாண்டி, வேலியோரமாக இருந்த, புல்லும் கரடுமான இடத்துக்குப் போனார். அங்கே தொந்தி வைத்த, தலை நரைத்த ஸ்பானிய மொழிக்காரர் கொஞ்சப் பேர் பந்தடிக்கக் காத்திருந்தார்கள். வால்தேர் பையைத் திறந்தார். கையுறைகளை எடுத்துப் போட்டார். போய்க் கோலுக்குள் நின்றார்.

கிருபானந்தன் மரத்தை விட்டு வெளியே வந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

முதற் பந்து மேல்மூலைக்கு வந்தது. அந்த வயதில் மனிதர் பாயவில்லை. முன்கூட்டியே அங்கே போய் நின்று, மரத்திலிருந்து மாம்பழம் பிடுங்குவது போல எடுத்தார். அடுத்ததற்கு ஓரடி முன்னுக்கு வந்தார். கிருபானந்தனுக்குச் சொன்ன அதே அடி. எதிரே வந்தவனின் இடுப்பைத்தான் பார்த்தார்.

ஆட்டம் நின்றபோது வால்தேர் அவனைக் கண்டார். ஓடி ஒளியவில்லை. கையுறைகளைக் கழற்றிக்கொண்டு வந்து புல்லில் இருந்தார். சமையற்கூடத்தில் எந்த நேரமும் உறைக்குள், மைதானத்தில் பைக்குள்ளோ குடுவையைச் சுற்றி மடங்கியோ இருந்த அந்தக் கைகளைக் கிருபானந்தன் அப்போதுதான் முழுதாகப் பார்த்தான். விரல்கள் ஆளுக்கொரு பக்கம் வளைந்திருந்தன. அவனுடைய சின்னவிரலும் அப்படித்தான் வளைந்திருக்கும். வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு கோல்காப்பாளன் கண்டிருந்தால் அந்த நிமிடமே ஆளைக் கண்டுபிடித்திருப்பான்.

"ஏன் பொய் சொன்னீர்கள்?" என்று கேட்டான்.

வால்தேர் குடுவையில் சுடுநீரை ஊற்றியபடி சொன்னார். ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில் பிறந்தவர். பந்து அண்ணனுடையது, அதனால் தம்பி கோலுக்குள் நிற்க வேண்டியிருந்தது. பிறகு அதிலிருந்து வெளியே வர மனமில்லை. மொன்டிவிடியோவில் ஒன்பது வருடம் என்பது உண்மை. அதில் முக்கால்வாசியும் முதலாவது கோல்காப்பாளருக்கு மாற்று ஆளாக வாங்கில் குந்தியிருந்த காலம். எக்குவடோருக்குப் போய் ஒழுங்காக விளையாடத் தொடங்கியபோது விரல்கள் போயின. தங்கையின் தயவில் மொன்ட்ரியால் வந்தார். கோச் வேலை கேட்டு ஏறி இறங்கினார். எந்த இடத்தில் ஆடினாய் என்று எல்லோரும் கேட்டார்கள். கோலில் என்றதும், பிள்ளைகளின் கோல்காப்பாளருக்கு வேண்டுமானால் பந்து எறிந்து கொடு என்றார்கள்.

"உன்னிடம் உண்மையைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் நீ உன் கழகத்தைப் பற்றிச் சொன்னாய். ஓடத் தெரியாதவன் என்று உன்னைப் பிடித்துக் கோலுக்குள் விட்டார்கள், எதற்கும் உன்னைக் கேட்பதில்லை என்றாய். அப்படியான இடத்தில் நான் என்ன சொல்ல?"

"செபஸ்தியாம்பிள்ளையோடு என்ன கதைத்தீர்கள்?"

"வணக்கம் சொன்னார்" என்றார் வால்தேர்.

அதை நம்புவதா விடுவதா என்று கிருபானந்தனுக்குத் தெரியவில்லை. வணக்கத்துக்கு இவ்வளவு சிரிப்பா? குழல் அவனிடம் வந்தது. அவன் சட்டை நுனியால் ஒருதரம் துடைத்தான். சுற்றி இருந்த கிழவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஆ!" என்று முகத்தைச் சுளித்தார்கள். துடைப்பது அவர்களிடம் பெரிய அவமரியாதையாம். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினான். வேப்பம்பட்டைக் கசாயம் தோற்றுப்போகும்.

சனிக்கிழமை சண்முகலிங்கத்தின் வீட்டு விறாந்தையில் கூட்டம். எல்லோரும் கிருபானந்தனின் வாயைப் பார்த்தார்கள்.

"ஆள் எங்களுக்குப் பொய் சொன்னது உண்மை" என்றான் அவன். "முன்வரிசைக்காரன் இல்லை. கோல்கீப்பர். அங்கை கிழவரோடை பந்தடிக்கப் போறவர், அவ்வளவுதான்."

பேரின்பநாதன் வெடித்துச் சிரித்தான்.

"கோலியோ! ஐயோ, கோலியையோ இவ்வளவு நாளும் கோச் எண்டு தலையிலை வைச்சு ஆடினனாங்கள்? கோலிக்கு மச்சான் பந்தடியைப் பற்றி என்ன தெரியும்?"

மற்றவர்களும் சிரித்தார்கள். சண்முகலிங்கமும் சிரித்தார். விற்கிறவன் என்று நினைத்தபோது அவர்கள் பயந்தார்கள். கோல்காப்பாளன் என்றதும் பயமும் போய்விட்டது, மதிப்பும் போய்விட்டது. அந்தச் சிரிப்பு தன்னையும் சேர்த்துத்தான் என்று விளங்கியபடி கிருபானந்தன் கேட்டுக்கொண்டு நின்றான். யாருக்கும் அது உறைக்கவில்லை.

அவன் பைக்குள்ளிருந்து தன் கையுறைகளை எடுத்து மேசையில் வைத்தான்.

"ஓம், ஒண்டும் தெரியாதுதான். அப்ப நாளைக்கு நீ நில் பேரின்பம்."

"எங்கை?"

"கோலுக்குள்ளை. ஒண்டும் தெரியத் தேவையில்லாத இடம்தானே."

பேரின்பநாதன் கையுறையைப் பார்த்தான், பாம்பைப் பார்ப்பது போல. "விளையாடாதை. நான் கோல் அடிக்கிற ஆள்."

"எப்ப கடைசியா அடிச்சனி?"

இந்த முறை சிரிப்பு மறுபக்கம் திரும்பியது. சண்முகலிங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் வேறெங்கோ பார்த்தது. கடைசியில் அவர் கையுறைகளை எடுத்து, தூசி தட்டுவது போல ஒருதரம் தட்டி, கிருபானந்தனிடம் நீட்டினார்.

"சரி, ரோசப்படாதை. ஆளும் நிக்கட்டும், நீயும் நில். தோத்தால் ரெண்டு பேரையும் சேத்துக் கலைப்பன்."

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கோல் எல்லையில் கற்பூரம் கொளுத்தினார்கள். தேங்காய் உடைப்பது எப்போதும் செயலாளர்தான். அன்று சண்முகலிங்கம் அதைக் கிருபானந்தனின் கையில் வைத்தார். அவன் ஓங்கி அடித்தான். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பேரின்பநாதன் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனான்.

வால்தேர் வந்து வலைக்குப் பின்னால் நின்றார். கைகள் வெளியே இருந்தன. வளைந்த விரல்களோடு ஒருதரம் கைதட்டினார். எதிர்ப்பக்கக் கரையில் செபஸ்தியாம்பிள்ளை நின்றுகொண்டு இந்தப் பக்கமே பார்த்தார். அவர் தலையை மெல்ல அசைத்தது போல இருந்தது. அது யாருக்கு?

கிருபானந்தன் சட்டென்று திரும்பினான். "அன்றைக்கு அவரோடு உண்மையாக என்ன கதைத்தீர்கள்?"

"ஓரடி முன்னுக்கு வா" என்றார் வால்தேர்.

"கேட்டதுக்குப் பதில்?"

"பேந்து."

நடுவர் ஊதினார். கிருபானந்தன் ஓரடி முன்னுக்கு வந்தான்.