ஏணிக்காலைப் பிடிக்க ஒரு ஆள்

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் நடந்தது இது. கோவில்பட்டியில், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஒரு ஜின்னிங் ஆலையில் நானும் என் மதினியும் வேலை பார்த்தோம். அண்ணன் பெண்டாட்டி என்றாலும் எனக்கு அவள் கூட்டாளி. கரிசல்காட்டுப் பருத்தி வந்து மலையாகக் குவியும். அதைக் கூடையில் அள்ளி, மூங்கில் ஏணியில் ஏறி, மேல்தட்டில் கொட்ட வேண்டும். தலைச்சுமையோடு ஏணி ஏறுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. இதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஏணியைப் பிடிப்பதற்கென்று வயசான அண்ணாச்சி ஒருவர் இருந்தார். தங்கமான மனுஷன். ஆண்கள் ஏறும்போது அடியை அழுத்திப் பிடிப்பார். நாங்கள் ஏறினால் மட்டும் விலகிப்போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். சேலை கட்டியவள் ஏறும்போது ஆம்பளை கீழே நிற்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். எங்களுக்கும் அதுதான் மரியாதையாகத் தெரிந்தது.

அன்றைக்கும் மதினி கேலி பண்ணிக்கொண்டேதான் ஏறினாள்.

“என்ன அண்ணாச்சி, செவத்துல படமா ஓடுது?”

“வாயாடாம ஏறு தாயி” என்றார் அவர், திரும்பாமலே.

சிமெண்டுத் தரை முழுக்கப் பஞ்சுத் தூசி. ஏணிக்கால் வழுக்கிவிட்டது. கூடையோடு உள்ளே நுழைந்த எனக்கு, “மதினீ!” என்று கத்தத்தான் முடிந்தது. இடுப்பில் அடிபட விழுந்தாள். அவள் சுமந்த பருத்தி அவள் மேலேயே கொட்டியது.

உயிர் பிழைத்தாள். ஆனால் எழுந்து நடக்கவில்லை.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, அவள் கால்மாட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். “மரியாதைன்னு நெனச்சுல்லா தள்ளி நின்னேன் தாயி.”

“அழாதிய அண்ணாச்சி. இனிமே ஏறுத பிள்ளையளுக்காவது பிடிங்க” என்றாள் மதினி.

மறுநாள் நான் ஏறப் போனேன். அண்ணாச்சி தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்து நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், “ஏட்டி, இன்னைக்கு யாரு முன்னால ஏறுனா?” என்று ஆசையாகக் கேட்பாள் மதினி. ஒரு மழைக்காலத்தில் அந்தக் கேள்வியும் நின்றுபோனது.

இப்போதும் என் வீட்டில் ஒட்டடை அடிக்க யார் ஏணியில் கால் வைத்தாலும், முட்டுவலியோடு எழுந்துபோய் அடியைப் பிடித்துக்கொள்கிறேன். அன்றைக்கு என் மதினிக்கு இந்த ரெண்டு கைதானே இல்லாமல் போனது.